நாற்பத்து நாலாம் நம்பர் மாமியார்

மகளைப் பறிகொடுத்த ஒருவர் எதிரே உட்கார்ந்து அழுதால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியும். தண்ணீர் கொடுப்பேன், மின்விசிறியைக் கூட்டுவேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். இந்த மனிதர் அழவில்லை. தட்டச்சு செய்த ஒரு தாளை மேசையில் வைத்தார். எங்கள் பேப்பர் வெயிட்டையே எடுத்து அதன் மேல் வைத்தார். ஓரத்தை விரலால் நேராக்கினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் போலீஸ்ல புகார் கொடுக்கறேன்” என்றார். “அதுக்குள்ள நீங்க அந்த ஆளைக் கண்டுபிடிச்சா சரி. இல்லாட்டி என் பொண்ணைக் கட்டினவன் பேரை எழுதிக் கொடுத்துடுவேன்.”

எங்கள் அலுவலகம் என்பது இரண்டு மேசை, நான்கு நாற்காலி, அக்கா, நான். அக்கா இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்பவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். என்னை எல்லோரும் ‘வால்’ என்பார்கள். அவர் போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போவதால் அந்தப் பெயர் என்று அக்கா சொல்வார். வேறு காரணம் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

வந்தவர் நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருடம் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சிகள் சொன்னது, வக்கீல்கள் கத்தியது, நீதிபதி முணுமுணுத்தது எல்லாம் இவர் கை வழியாகத்தான் காகிதத்துக்குப் போயிருக்கிறது. ஒரே மகள். சினிமாவுக்கு ஒலிப்பதிவு செய்கிற பெண். நான்கு மாதத்துக்கு முன் ஒரு மாலை, பாலத்தடியில் அவள் ஸ்கூட்டர் லாரியில் மாட்டியது. விபத்து என்று எழுதிப் போலீஸ் கோப்பை மூடிவிட்டது.

“விபத்து இல்லேன்னு எதை வெச்சுச் சொல்றீங்க ஐயா?” என்று அக்கா கேட்டார்.

அவர் தாளை அக்கா பக்கம் நகர்த்தினார். கூடவே ஒரு பென் டிரைவ். அவள் கடைசி நாள் சாயங்காலம் ஸ்டூடியோவில் பதிவானது. ஒரு நிமிடம் முப்பத்தெட்டு நொடி. கேட்டு, அப்படியே தட்டச்சு செய்திருந்தார்.

*பெண்: நான்தான்.*
*ஆண் (அடையாளம் தெரியவில்லை): யாரு?*
*பெண்: நான்தான். குரல்கூட மறந்துடுச்சா?*
*ஆண்: யாருன்னு கேக்கறேன்ல.*
*பெண்: கோவம் இன்னும் தீரலையா?*
*ஆண்: தினம் இதே பொழப்பாப் போச்சு.*
*பெண்: ஞாயித்துக்கிழமை வரட்டுமா? ஒரே ஒரு தடவை. வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயிடறேன்.*
*ஆண்: வெக்கமா இல்ல? இனிமே இங்க கூப்பிடாத.*
*(மௌனம்)*
*பெண்: மாமியார் நாப்பத்து நாலுல… (தெளிவில்லை) கேட்டே இருக்காது… (தெளிவில்லை) போறேன்… இப்பவே.*

படித்து முடித்ததும் அந்த ஆண் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு பெண் இவ்வளவு இறங்கி வந்து கேட்கிறாள். அவளை யாரென்றே தெரியாதவன் போல நடிக்கிறான், படுபாவி.

அந்த நேரம் பார்த்து எங்கள் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். மறுமுனையில் சத்தமே இல்லை. வைத்தேன்.

“ஊமை போனா?” என்றார் பெரியவர். “என் வீட்டுக்கும் தினம் வரும். கடன் வேணுமா, கார்டு வேணுமான்னு விக்கறதுக்கு மெஷினே டயல் பண்ணுதாம். எடுத்தா பேச்சு மூச்சே இருக்காது. நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வெச்சிடுவேன்.”

“மெஷினுக்குச் சொரணை எங்க சார் இருக்கப் போகுது” என்றேன்.

அக்கா என்னை முறைத்துவிட்டுப் பதிவை ஓடவிட்டார். பெண்ணின் குரல் கனமாக, இழுத்து இழுத்து வந்தது. தூக்கத்திலிருந்து எழுப்பிப் பேசச் சொன்னது போலிருந்தது. ஆணின் குரல் பீப்பாய்க்குள்ளிருந்து வந்தது. பின்னணியில் ஒரு கடிகாரம் நடந்துகொண்டிருந்தது.

“என் பொண்ணு இப்படிப் பேச மாட்டா” என்றார் பெரியவர். “படபடன்னு பொரிஞ்சு தள்ளுவா. நான் நிமிஷத்துக்கு நூத்தியிருபது வார்த்தை எழுதறவன். என் கையாலயே அவளைப் பிடிக்க முடியாது. இதுல நாக்கு எப்படிக் குழறுது பாருங்க. எதையோ கொடுத்து மயக்கியிருக்காங்க. கடைசி வரியில மாமியார்னு சொல்றா. நாப்பத்து நாலாம் நம்பர் வீடு. அந்தப் பையனோட அம்மா எங்கேயோ ஒரு நாப்பத்து நாலுல இருக்கா. அம்மாவும் பிள்ளையும் இந்த ஆளும் சேர்ந்து ஏதோ பண்ணியிருக்காங்க.”

“மாப்பிள்ளையோட அம்மாவை நீங்க பாத்திருக்கீங்களா?”

“மாப்பிள்ளைன்னு சொல்லாதீங்கம்மா. கல்யாணத்துக்கே நான் போகலை. மூணு வருஷமா அவகூடப் பேச்சு வார்த்தை இல்லை.” தாளின் ஓரத்தை மறுபடி நேராக்கினார். “அவ பாலத்துப் பக்கம் எதுக்குப் போனா? அவங்க வீடும் ஸ்டூடியோவும் ஒரே தெரு. பாலம் நேர் எதிர்த்திசை. பதிவுல பேசற இவன் கூப்பிடாதன்னு சொல்லியும் இவனைப் பாக்கத்தான் போயிருக்கா. அவன் யாருன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க. அவன் முகத்தைப் பாத்து ஒரு கேள்வி கேக்கணும்.”

“என்ன கேள்வி?”

“அவ அவ்வளவு கேட்டாளே, ஒரு நல்ல வார்த்தை சொன்னா உன் வாயில இருந்து முத்து உதிர்ந்துடுமான்னு.”

“பாலம் தாண்டினா அவளுக்குத் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க?”

“ஊர்ல பாதி அந்தப் பக்கம்தான் இருக்கு. நான்கூட அங்கதான்” என்று எழுந்துகொண்டார்.

அவர் படியிறங்கிப் போனதும் அக்கா பதிவை மறுபடி போட்டார்.

“வால், கைக்கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு அந்தக் கடிகாரச் சத்தத்தை எண்ணு. சரியா ஒரு நிமிஷம்.”

“அறுபது வரும். எண்ணணுமா?”

“எண்ணு.”

எண்ணினேன். அம்பத்தஞ்சு. நான் கணக்கில் புலி இல்லைதான், ஆனால் அறுபது வரை தெரியும். மறுபடி எண்ணினேன். மறுபடியும் அம்பத்தஞ்சு. இன்னொன்றும் கவனித்தேன். கொஞ்ச நேரம் ‘டிக், டிக்’ என்று ஒழுங்காக நடக்கிறது. பிறகு ‘டிக்-கிடு, டிக்-கிடு’ என்று திணறுகிறது. பிறகு மறுபடி ஒழுங்கு.

“நொண்டிக் கடிகாரம் அக்கா. பேட்டரி தீர்ந்திருக்கும்.”

“தீர்ந்தா தடுமாறும், நின்னு போகும். இப்படி அளந்து வெச்ச மாதிரி ரெண்டு தடவையும் அம்பத்தஞ்சு காட்டாது.” அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பொண்ணுக்கு மயக்க மருந்து கொடுக்கலாம். சுவத்துக் கடிகாரத்துக்கும் கொடுத்திருப்பாங்களா?”

“அப்ப பதிவே மெதுவா ஓடுதா?”

“இன்னொண்ணு. ஆண் கடைசியா கூப்பிடாதன்னு சொல்லி முடிச்சதும் கடிகாரமும் நின்னு போச்சு. ஏன்?”

யோசித்தேன். ஆளும் கடிகாரமும் ஒன்றாக எங்கே போக முடியும்? “போன்” என்றேன். “அவன் ஸ்டூடியோவுலயே இல்லை. போன்ல பேசியிருக்கான். கடிகாரம் அவன் பக்கத்துல இருக்கு.”

“வாலுக்கும் அப்பப்ப மூளை வேலை செய்யுது. செருப்பை மாட்டு.”

ஸ்டூடியோ ஒரு மாடிக் கட்டிடத்தின் பின்பக்கம் இருந்தது. ஒரே அறை. சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை. இரண்டு நாற்காலி இருந்தும் ஒன்றில்தான் ஆள் உட்காரும் தடம். இன்னொன்றின் முதுகில் ஒரு பெண்ணின் ஸ்வெட்டர் தொங்கியது. அந்தப் பெண்ணின் கணவர் எங்களை நிற்க வைத்தே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நான்கு மாதத் தாடி.

அக்கா யார் அனுப்பி வந்தோம் என்று சொன்னதும் அவர் முதலில் கேட்டது இதுதான்: “அவர் எப்படி இருக்காரு? நேரத்துக்குச் சாப்பிடறாரா?”

என் நாக்கில் நான்கு கிண்டல் தயாராக இருந்தன. விழுங்கிவிட்டேன்.

“உங்க அம்மா எங்க இருக்காங்க?” என்றார் அக்கா.

“எனக்குப் பத்து வயசுல போயிட்டாங்க.”

“அப்ப நாப்பத்து நாலுல இருக்கிற மாமியார் யாரு?”

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே உடைந்து போனது. பக்கத்து அலமாரியைக் காட்டினார். ஒன்றன் மேல் ஒன்றாகப் பெட்டிகள், பச்சை விளக்குகள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டையாக ஒரு பெட்டி. அதன் நெற்றியில் வெள்ளை டேப் ஒட்டி, கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: ‘மாமியார். மறுபேச்சு கிடையாது.’ கீழே சின்னக் கண்ணாடியில் சிவப்பு எண்கள்: 44.1.

“அவ எழுத்து” என்றார்.

“எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க” என்றார் அக்கா. “இவனுக்கும் புரிஞ்சா ரொம்ப நல்லது.”

“குரலைக் கம்ப்யூட்டருக்குள்ள வைக்கணும்னா துண்டு துண்டா நறுக்கணும் மேடம். சினிமா வேலைக்கு ஒரு நொடிக்கு நாப்பத்தெட்டாயிரம் துண்டு. பாட்டு வேலைக்கு நாப்பத்து நாலாயிரத்து நூறு. நான் பாட்டு, அவ சினிமா. இங்க இருக்கிற ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் ஒரு கடிகாரம் இருக்கு. ஒவ்வொண்ணும் தன் இஷ்டத்துக்கு நறுக்கினா எதுவும் எதோடயும் ஒட்டாது. அதனால ஒரு பெட்டி தாளம் போடும். மத்ததெல்லாம் அதுக்கு அடங்கி நடக்கும். அதுக்குத்தான் அவ மாமியார்னு பேர் வெச்சா. வீட்டுக்கு ஒரு மாமியார்தான் இருக்கணும், ரெண்டு வந்தா குடும்பம் உருப்படாதும்பா.”

“உங்க ரெண்டு பேருக்கும் சண்டை வருமா, நாப்பத்தெட்டா நாப்பத்து நாலான்னு?”

“தினம் வரும்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் எவ்வளவு ஏங்கிப் போனது என்று நான் பார்த்தேன். எந்தச் சண்டைக்கும் ஒரு மனிதன் அப்படி ஏங்கி நான் கண்டதில்லை.

அக்கா ஒரு காகிதத்தில் கிறுக்கினார். “அறுபதுக்கு அம்பத்தஞ்சு. பன்னெண்டுக்குப் பதினொண்ணு. நாப்பத்தெட்டுக்கு நாப்பத்து நாலு. மூணும் ஒரே கணக்கு. தம்பி, நாப்பத்தெட்டுல நறுக்கினதை நாப்பத்து நாலுல ஓட விட்டா என்ன ஆகும்?”

“குரல் இறங்கி, இழுத்து…” அவர் நிறுத்தினார். “ஐயோ. அவ ரெக்கார்டர் எப்பவும் நாப்பத்தெட்டு. நான் கம்ப்யூட்டரைப் பாட்டுக் கணக்குல வெச்சிருந்தேன். அவ குரல் இருக்கறதெல்லாம் அதுல இழுத்துப் போட்டு அப்படியே பென் டிரைவ்ல ஏத்தி அவருக்குக் கொடுத்தேன். அவர்கிட்ட இருக்கட்டும்னு. நான் கேட்டுப் பாக்கலை மேடம். இன்னிக்கு வரைக்கும் கேக்கலை.”

ஆக மயக்கமும் இல்லை, மருந்தும் இல்லை. ஒரு எண் மாறிய தப்பு. நாலு மாதமாக ஒரு தகப்பன் ராத்திரி பகலாகக் கேட்டு நொந்துகொண்டிருந்த குரல் அவர் மகளுடைய நிஜக் குரலே இல்லை.

“அந்த மாமியார் அன்னிக்கு எதுல இருந்துச்சு?” என்றார் அக்கா.

“இதோ, இதுலதான். அன்னிக்குக் காலைல பாட்டு வேலைக்காக மாத்தினேன். திருப்பி வெக்காம வெளிய போயிட்டேன். அப்புறம் எதையும் தொடலை.”

“வால், வராந்தாவுக்குப் போ. உன் போன்ல இருந்து இந்த ஸ்டூடியோ நம்பருக்கு அடி. தம்பி, அவ எப்படி வெச்சிருந்தாளோ அப்படியே ரெக்கார்டரைப் போட்டு எனக்கு அந்த மைக்கைக் கொடுங்க.”

வராந்தாவுக்குப் போய் அடித்தேன். எடுத்தார்கள். சத்தம் இல்லை. “ஹலோ” என்றேன். சத்தம் இல்லை. எனக்கு முன்கோபம் கொஞ்சம் அதிகம். அக்காதான் என்று தெரிந்தும் வந்தது. “யாரு? யாருன்னு கேக்கறேன்ல. பேசறதுன்னா பேசுங்க. இதே பொழப்பாப் போச்சு” என்று வைத்துவிட்டு உள்ளே வந்தேன்.

அக்கா மைக் முன்னால் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தார். “நீ பேசினது எனக்கு அட்சரம் பிசகாம கேட்டுச்சு. நான் உன்னை எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா?”

“ஒண்ணுமே கேக்கலையே.”

“இங்க போன் பேசறது இந்த மைக், ரெக்கார்டர் வழியாத்தான், அதுவே பதிஞ்சுக்கும். டெலிபோன் பெட்டி மாமியார் பேச்சைக் கேக்கும்” என்று அந்தக் கணவர் மெதுவாகச் சொன்னார். அவருக்குப் புரிய ஆரம்பித்திருந்தது. “அதுக்கு நாப்பத்து நாலுலதான் துண்டு வேணும். ரெக்கார்டர் நாப்பத்தெட்டுல அனுப்புச்சுன்னா அது வாயை மூடிக்கும். அந்தப் பக்கத்துக் குரல் மட்டும் சாதா ஒயர்ல வருது, அதனால நமக்குக் கேக்கும்.”

அக்கா தட்டச்சுத் தாளை என்னிடம் நீட்டினார். *யாருன்னு கேக்கறேன்ல. இதே பொழப்பாப் போச்சு.* நான் சொன்ன அதே சொற்கள். காலையில் எந்த ஆளைப் படுபாவி என்று திட்டினேனோ, அவனுக்கு அந்தப் பெண் பேசிய ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. ஊமை போன் என்று நினைத்து வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறான்.

“சரியான வேகத்துல போடுங்க” என்றார் அக்கா. “அவன் கடைசியா பேசறதோட நிறுத்திடுங்க.”

கணவர் விசைகளை அழுத்தினார். முதல் சொல்லிலேயே கண்ணை மூடிக்கொண்டார். *நான்தான்.* எவ்வளவு சுறுசுறுப்பான குரல். பிறகு அந்த ஆண் பேசினான். பீப்பாய் போய்விட்டது. எனக்கு அந்தக் குரல் தெரியும். காலையில் எங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, உன் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா என்று அவனைக் கேட்க வேண்டும் என்று சொன்ன குரல்.

கணவர் பதிவை நிறுத்தினார்.

“அவருக்கே எப்படித் தெரியாமப் போச்சு?” என்றேன்.

“ஊருக்கெல்லாம் தெரிஞ்சது நமக்குத் தெரியாது, நம்ம குரல் அப்படி. அதுவும் இழுத்து வேற கேட்டிருக்கு. முப்பத்தொரு வருஷம் மத்தவங்க பேசினதைத்தான் அவர் எழுதினாரு. அவர் பேசினதை யாரும் எழுதி வெக்கலை.” அக்கா பையை எடுத்தார். “தம்பி, பதிவை ஓட்டற அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு நீங்களும் வாங்க.”

“அவர் என்னை உள்ளே விட மாட்டாரு மேடம்.”

“படியில நில்லுங்க.”

“அக்கா” என்றேன், வண்டியில் ஏறும்போது. “சொல்லித்தான் ஆகணுமா? ஆள் கிடைக்கலைன்னு சொல்லிடலாமே. மாமியார் பெட்டிதான்னு மட்டும் சொன்னாப் போதும், புகார் நின்னுடும்.”

“பொய் சொல்றவங்களைப் பிடிக்கற வேலை இது.”

“அவர் தாங்க மாட்டாருக்கா.”

“மிச்சம் இருபத்தஞ்சு நொடி இருக்கு. அதையும் கேக்கட்டும்.” பாலத்தடியில் வண்டி மெதுவாகப் போனது. பின்சீட்டில் இருந்தவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

பெரியவர் வீடு இரண்டாவது மாடி. கதவு திறந்ததுமே எனக்குக் கேட்டுவிட்டது. *டிக்-கிடு, டிக்-கிடு.* தொலைபேசிக்கு நேர் மேலே சுவரில் ஒரு வட்டக் கடிகாரம். நொடி முள்ளின் நுனியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தகரக் குருவி ஒட்டியிருந்தது. ஆறிலிருந்து பன்னிரண்டுக்கு ஏறும்போது முள் அதன் கனம் தாங்காமல் திணறியது. இறங்கும்போது சுலபமாக இறங்கியது.

“ஆள் கிடைச்சாச்சா?” என்றார். அப்புறம் படியில் நிற்பவரைப் பார்த்தார். “அந்தப் பையன் எதுக்கு இங்க?”

“பெட்டியை ஓட்ட ஆள் வேணும் ஐயா” என்றார் அக்கா. “உங்க பொண்ணுக்கு யாரும் எதுவும் கொடுக்கலை. பதிவு மெதுவா ஓடியிருக்கு, அவ்வளவுதான். மாமியார்ங்கறது ஸ்டூடியோவுல ஒரு பெட்டி. நாப்பத்து நாலுங்கறது அதுல இருக்கிற எண். இந்தக் குருவி ஏது?”

“அவ ஒட்டினதுதான். எட்டாவது படிக்கும்போது. முள் திணறுது, எடுத்துடலாம்னு பாத்தேன்.” கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். “எடுக்கலை.”

அவருக்கு அந்தத் திணறல் காதில் விழுவதே நின்று பல வருடம் ஆகியிருக்க வேண்டும். அக்கா கையைக் காட்டினார். வாசலில் நின்றபடியே கணவர் பெட்டியை இயக்கினார்.

*நான்தான். குரல்கூட மறந்துடுச்சா?*

பெரியவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

“இதான்” என்றார். “இப்படித்தான் பேசுவா. இதான் என் பொண்ணு.”

*யாருன்னு கேக்கறேன்ல* என்றது பெட்டி. அப்போதும் அவருக்கு விளங்கவில்லை. யாரென்று நினைவுபடுத்திக்கொள்கிறவர் போல நெற்றியைச் சுருக்கினார். பெட்டிக்குள் கடிகாரம் திணறி ஏறியது. சுவரில் இருந்தது அந்த நேரம் இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு பெட்டிக்குள் இறங்கியது, சுவரில் ஏறியது. ஒரே குருவி, ஒரே அறை, இரண்டு வேறு நேரம். அவர் பெட்டியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அதன் கீழே இருந்த தொலைபேசியைப் பார்த்தார்.

*வெக்கமா இல்ல? இனிமே இங்க கூப்பிடாத.*

“அது…” என்றார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார், அந்தச் சொற்கள் இப்போதுதான் வெளியே போவது போல.

“அவ பேசினது உங்களுக்குக் கேக்கலை ஐயா” என்றார் அக்கா, அவர் பக்கத்தில் உட்கார்ந்து. “ஸ்டூடியோவுல பெட்டி ஒத்துப் போகலை. நீங்க ஊமை போன்னு நினைச்சீங்க.”

“நான்தான் மாத்தி வெச்சுட்டுப் போனேன்” என்றது வாசலில் இருந்த குரல். “தப்பு என்னுது.”

பெரியவர் அவரைப் பார்க்கவில்லை. “அவளுக்குத் தெரியாதே. அப்பன் வேணும்னே சொன்னான்னு நினைச்சுக்கிட்டே போயிட்டா. அப்படியே போய்ச் செத்துட்டா.”

“தம்பி, சத்தத்தைக் கூட்டி மிச்சத்தையும் போடுங்க.”

நீண்ட மௌனம். நாற்காலி நகரும் சத்தம். மைக்கிலிருந்து தள்ளிப் போய்ப் பேசியிருக்கிறாள், ஆனால் இந்த முறை ஒவ்வொரு சொல்லும் கேட்டது. முதலில் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, சிரித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

*ஐயய்யோ, மாமியார் நாப்பத்து நாலுல நிக்குது. அப்பாவுக்கு நான் பேசினது கேட்டே இருக்காது. பாவம் அப்பா, யாரோன்னு நினைச்சுத் திட்டிட்டாரு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் என்ன, போறேன். நேர்லயே போறேன், இப்பவே.*

பெட்டி நின்றது. குருவி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. பாலத்தடியில் அவளுக்கு என்ன வேலை என்று நாலு மாதமாக இவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. என் கிண்டல் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதேன். அதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

எனக்குப் பின்னாலிருந்து பெரியவர் பேசினார். “கல்யாணத்துக்கு முதல் நாள் சொன்னேன். இனிமே என்னை அப்பான்னு கூப்பிடாதேன்னு. அதான் போன்ல ஒரு தடவைகூட அவ அப்படிச் சொல்லலை. அப்பா நான்தான்னு ஆரம்பிச்சிருந்தா, இதை முதல் தடவை கேக்கும்போதே எனக்குத் தெரிஞ்சிருக்கும். நான் சொன்னேன்னு சொல்லாமலே விட்டிருக்கா.”

“தனியா இருக்கும்போது சொல்லியிருக்கா ஐயா” என்றார் அக்கா.

அவர் தலையாட்டினார். எழுந்து மூலையில் இருந்த தட்டச்சு இயந்திரத்திடம் போனார். எங்களிடம் கொடுத்த அதே தாளை என் கையிலிருந்து வாங்கி உருளையில் சொருகினார். “நான் எழுதினதுல தப்பு இருக்கு. திருத்தணும்” என்றார். முதலில் ‘அடையாளம் தெரியவில்லை’ என்று இருந்த இடத்துக்குப் போனார். அதன் மேல் வரிசையாக X அடித்தார். ஒவ்வொன்றாக, அவசரப்படாமல். மேலே தன் பெயரை அடித்தார். பிறகு கடைசி வரிக்கு வந்தார். ‘தெளிவில்லை’ என்று இரண்டு இடத்தில் இருந்தது.

விரலை எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னார்: “உள்ளே வாங்க மாப்பிள்ளை. அந்தக் கடைசி இடத்தை இன்னொரு தடவை போடுங்க. ஒரு சொல் விட்டுப் போச்சு.”

மாப்பிள்ளை உள்ளே வந்து போட்டார். அவள் மறுபடி சிரித்தாள், மறுபடி சொன்னாள். நிமிடத்துக்கு நூற்றிருபது வார்த்தை எழுதுகிறவருக்கு அந்த மூன்று எழுத்தை அடிக்க ரொம்ப நேரம் ஆனது.